அக்கம்பக்கத்தாரை ஒன்று சேர்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

முதன்முதலாக இந்த வேலையில் இறங்கியபோது ஒரே இரவில் 83 பேரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த நடைபாதையில் முள்செடி மண்டிக் கிடந்தது. "ஞாயிறு காலை 7 மணிக்குச் சுத்தம் செய்கிறோம், விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்" என்று போட்டேன். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. ஞாயிறன்று வந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். இங்கே யாருக்கும் அக்கறையே இல்லை என்று மனம் விட்டுப்போனது. அந்த முடிவு தவறு என்று அடுத்த மாதமே தெரிந்துவிட்டது. அதே பாதைக்கு 19 பேர் வந்து நின்றார்கள். இடையில் நடந்தது இவ்வளவுதான்: அந்த மூவரில் ஒருவரான ஒரு பெரியவரும் நானும் வீடு வீடாகப் போய், ஆளுக்கு ஒரு வேலையை, அவரவர் பெயரைச் சொல்லிக் கேட்டோம்.

இதற்கு உளவியலில் நன்கு தெரிந்த ஒரு சோதனை உண்டு. 1968-ல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இருவர் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டதுபோலக் குரல் தடுமாறும். அந்தக் குரலைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்கு முன்பே உதவி தேடி எழுந்து வந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படி வந்தது 31 சதவீதம். எழுந்து வராதவர்களிடம் ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அக்கறை இருந்திருக்கிறது. 'நான்தான் செய்ய வேண்டும்' என்பது மட்டும் அவர்களுக்குத் தெளிவாகவில்லை.

எல்லோருக்கும் போன அழைப்பு யாருக்கும் போகாத அழைப்பு என்று நான் புரிந்துகொண்டது அப்படித்தான். கீழே எழுதியிருக்கும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு விஷயம்தான் ஓடுகிறது. ஓர் ஆளிடம் நேராகக் கேளுங்கள். அவர் சரி என்று சொன்னதை எழுதிவையுங்கள். பிறகு திரும்பிப் போய் அதைப் பற்றி விசாரியுங்கள்.

முதல் படி: பேசாதீர்கள், கேளுங்கள்

கூட்டம் போடும் ஆசையை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த மாதத்தில் 20 பேரிடம் தனித்தனியாகப் போய் உட்காருங்கள். ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். கையில் மனுவோ துண்டுப் பிரசுரமோ வேண்டாம். அவற்றைக் கண்டதுமே எதிரில் இருப்பவர் "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டு உங்களை அனுப்பிவைக்கப் பார்ப்பார்.

நான் கேட்பது பெரும்பாலும் இந்த நான்கு கேள்விகள்தான். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? இந்த இடத்தில் உங்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்வது எது? அதற்காக இதுவரை ஏதாவது செய்து பார்த்தீர்களா? இதைப் பற்றி நான் அடுத்து யாரிடம் பேச வேண்டும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதில்தான் உங்களுக்குத் தெரியாத ஆட்களின் பெயர்கள் கிடைக்கும். ஒரே பெயரை மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால், அந்த ஆள்தான் அந்தப் பகுதியில் நம்பிக்கையைச் சம்பாதித்தவர். அவருக்குப் பதவி எதுவும் இருக்காது. பெரும்பாலும் அவருக்கே இது தெரிந்திருக்காது.

இப்படிப் போன ஒரு வீட்டில் ஓர் அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசப் பேச அவர் கால் மிதிப்பதை நிறுத்தவில்லை. தெருவிளக்கு பற்றிக் கேட்டதும் மெஷின் நின்றது. இழுப்பறையைத் திறந்து இரண்டு பழைய நாட்காட்டிகளை எடுத்துப் போட்டார். சில தேதிகளின் மேல் சிவப்பு மையில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். விளக்கு எரியாத நாட்கள்.

"யாருக்காகம்மா இதெல்லாம் குறிச்சு வெச்சீங்க?"

"பொண்ணு ராத்திரி வேலை முடிச்சு வருவா தம்பி. வெளக்கு எரியலைன்னா நான் முக்கு வரைக்கும் போய் நிப்பேன். எத்தனை நாள் நின்னேன்னு யாராச்சும் ஒரு நாள் கேப்பாங்கன்னு குறிச்சு வெச்சேன்."

இரண்டு வருடக் கணக்கு அது. பின்னால் நாங்கள் கொடுத்த மனுவுக்கு வலு சேர்த்தது அந்த இரண்டு நாட்காட்டிகளின் நகல்தான். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கமாட்டார். வீட்டுக்குப் போயிருக்காவிட்டால் அது இழுப்பறையிலேயே கிடந்திருக்கும்.

குறையை மட்டும் கேட்டு வராதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் ஆகிய இரு அமெரிக்கர்கள் 1993 முதல் இதைத் தொடர்ந்து வலியுறுத்தினார்கள்: ஒரு பகுதியில் என்னென்ன இல்லை என்று பட்டியல் போட்டால் வெளியாரின் உதவியை எதிர்பார்ப்பதில்தான் போய் முடியும், அங்கே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டால் வேலை தொடங்கிவிடும். அதனால் நோட்டில் ஒரு பத்தியை இதற்கு ஒதுக்குங்கள். யாருக்கு மின்வேலை தெரியும், யார் நன்றாகக் கடிதம் எழுதுவார், யாரிடம் ஏணி இருக்கிறது, யார் வீட்டு முன்னறையில் பத்து பேர் உட்காரலாம், யாருக்கு இரண்டு மூன்று மொழிகள் பேச வரும். ஏணி வைத்திருப்பவரின் பெயர் என்றைக்காவது ஒரு நாள் கட்டாயம் தேவைப்படும்.

20 பேர் முடிந்ததும் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். யார் விட்டுப்போனார்கள்? வாடகைக்கு இருப்பவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், அந்தப் பகுதியில் தினமும் வேலை செய்தும் வேறெங்கோ குடியிருப்பவர்கள், வீட்டைவிட்டு இறங்க முடியாத முதியவர்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள். இவர்கள் தாமாக வந்து சேரமாட்டார்கள். நாம்தான் தேடிப் போக வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால், அந்தப் பகுதியில் ஏற்கெனவே குரல் உள்ளவர்களுக்கு இன்னொரு மேடை போட்டுக் கொடுத்ததாகத்தான் முடியும்.

இரண்டாம் படி: நாலைந்து பேர், நாலைந்து மூலையிலிருந்து

கேட்டு முடித்ததும் கூட நிற்க நாலைந்து பேர் தேவை. நண்பர்களையே சேர்த்துக்கொள்வது சுலபம். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பாஸ்டன் நகரத்து வெஸ்ட் எண்ட் பகுதியைப் பற்றிப் பேசுகிறார். குடும்பமும் நட்பும் நெருக்கமாகப் பின்னிக் கிடந்த தொழிலாளர் பகுதி அது. 1950-களின் இறுதியில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் அதை இடித்துத் தள்ளினார்கள். அவ்வளவு நெருக்கமாக வாழ்ந்த மக்களால் ஏன் ஒன்றுகூடி எதிர்த்து நிற்க முடியவில்லை? கிரானோவெட்டர் தரும் விளக்கம் இது: ஒவ்வொரு குழாமும் தனக்குள் இறுக்கமாக இருந்தது. ஒரு குழாமுக்கும் இன்னொரு குழாமுக்கும் நடுவே லேசான பழக்கம்கூட இல்லை. அதனால் செய்தியும் தாண்டவில்லை, நம்பிக்கையும் தாண்டவில்லை.

எனவே உங்கள் நாலைந்து பேரும் ஒருவரையொருவர் அரைகுறையாக மட்டுமே தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. பள்ளிப் பெற்றோரோடு பழக்கமுள்ள ஒருவர், வாடகைக் குடும்பங்களோடு பேசக்கூடிய ஒருவர், வயதானவர்கள் மதிக்கும் ஒருவர், இளைஞர்களைக் கூப்பிட்டு வரவைக்கக்கூடிய ஒருவர். முதல் சில வாரம் பேச்சு கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் போகும். போகட்டும்.

மூன்றாம் படி: பெரிய கூட்டத்துக்குப் பதில் சின்னச் சின்ன வீட்டுக் கூட்டங்கள்

அரங்கம் பிடித்து, ஒலிபெருக்கி வைத்து, நாற்காலி போட்டு நடத்தும் கூட்டத்தில் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் மணி பார்ப்பார்கள். கலிபோர்னியாவில் ஃபிரெட் ராஸ் என்ற அமைப்பாளர் வேறு வழியை வளர்த்தெடுத்தார். ஒருவர் தன் வீட்டில் கூட்டம் வைப்பார். அக்கம்பக்கத்தில் தனக்குத் தெரிந்த சிலரை அவரே அழைப்பார். வந்தவர்களில் ஓரிருவர் அடுத்த கூட்டத்தைத் தங்கள் வீட்டில் வைக்க ஒப்புக்கொள்வார்கள். 1952-ல் செசார் சாவேசின் வீட்டில் நடந்த அப்படியொரு கூட்டம்தான், பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய அவரை இந்த வேலைக்குள் கொண்டுவந்தது.

இதை அப்படியே எடுத்துச் செய்யலாம். 8 முதல் 12 பேர், அதிகம் போனால் ஒன்றேகால் மணி நேரம். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசியே ஆக வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரரின் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் பேசட்டும். நீங்கள் கடைசி. வழக்கமாக நீளமாகப் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். அவரிடம் நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். அவர் அதை ரொம்பக் கண்டிப்பாகவே செய்வார், பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூட்டம் முடிவதற்குக் கடைசிப் பத்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். என்ன முடிவானது, அதை யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் சத்தமாகப் படித்து, பெயருக்குரியவர் தலையாட்டிய பிறகு எழுதுங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று முடிந்த கூட்டம் நடக்காத கூட்டத்தைவிட மோசம். வந்தவர்களுக்கு அடுத்த முறை வரத் தோன்றாது.

நான்காம் படி: முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பல குழுக்கள் சறுக்குகின்றன. எது பெரிய பிரச்சினையோ அதை முதலில் எடுத்துவிடுகிறார்கள். குடிநீர், ஆக்கிரமிப்பு, போக்குவரத்து எல்லாம் நியாயமான விஷயங்கள்தான். ஆனால் அவை முடிய வருடக்கணக்காகும். அதுவரை தாக்குப்பிடிக்கும் பழக்கம் உங்கள் குழுவுக்கு இன்னும் வரவில்லை. முதல் வேலை ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், அல்லது ஒரே ஒருவரிடம் கேட்டால் போதும் என்றிருக்க வேண்டும். முடிந்தபின் அந்த வழியே நடந்து போகிறவர் கண்ணில் பட வேண்டும். எங்களுக்கு அந்த நடைபாதை அப்படி அமைந்தது. உங்களுக்கு அது படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடியாக இருக்கலாம், தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் தினம் ஒரு போன் செய்யும் முறையாக இருக்கலாம்.

பெரிய பிரச்சினையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை இரண்டாகப் பிரிக்கப் பழகுங்கள் என்கிறேன். 1980-ல் கராச்சியின் ஒரங்கி பகுதியில் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல பாடம். கழிவுநீர் வசதியே இல்லாத மிகப் பெரிய குடியிருப்பு அது. வீட்டுக் கழிவறையும் சந்துக்குள் போகும் குழாயும் மக்களே தங்கள் பணத்தில் போட்டுக்கொள்ளக்கூடியவை. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசு செய்ய வேண்டியவை என்று அவர்கள் தெளிவாகப் பிரித்தார்கள். வேலைக்கு எடுத்துக்கொண்ட அலகு ஒரு சந்து, அதாவது 20, 30 வீடுகள். சந்துக்கு ஒரு பொறுப்பாளர். அவரை அந்த வீட்டுக்காரர்களே தேர்ந்தெடுப்பார்கள். திட்டத்திலிருந்து வரைபடம், கருவி, தொழில்நுட்ப ஆலோசனை தருவார்கள், பணம் தரமாட்டார்கள். ஏன் சந்து? ஒருவர் முகத்தை ஒருவர் தினமும் பார்க்கிற தூரம் அது. யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, எங்கே போனது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, நாமே செய்துகொள்ளக்கூடியது இடது பக்கம், அலுவலகம் செய்ய வேண்டியது வலது பக்கம் என்று எழுதிப் பாருங்கள். மலைபோல் தெரிந்த பிரச்சினையில் பாதியாவது இடது பக்கம் வந்து விழும்.

தொடங்கியதைக் கொண்டாடாதீர்கள், நிலைத்ததைக் கொண்டாடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். மரக்கன்று வளர்த்த பெண்களுக்கு அதில் ஒரு சிறு தொகை கொடுக்கப்பட்டது, வேர் பிடித்துப் பிழைத்த கன்றுகளுக்குத்தான் அந்தத் தொகை. நட்டதற்கு என்று கொடுத்திருந்தால் குழி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நடைபாதையைச் சுத்தம் செய்த படத்தைவிட, மூன்று மாதம் கழித்தும் அது சுத்தமாக இருக்கும் படம்தான் எங்கள் குழுவுக்குப் புது ஆட்களைக் கொண்டுவந்தது.

ஐந்தாம் படி: கேட்கும் விதம்

"உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது மரியாதையாகத் தோன்றும், கேட்கப்பட்டவருக்குச் சுமையாகத் தோன்றும். எது முடியும் என்று அவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதே. "அக்கா, சனிக்கிழமை சாயந்தரம் 4-லிருந்து 5 வரை, உங்கள் வரிசையில் இருக்கும் ஆறு வீட்டுக்கு இந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டு வருவீர்களா?" என்று கேளுங்கள். வேலை, நேரம், எல்லை மூன்றும் அதிலேயே இருக்கிறது.

அவர் முடியாது என்று சொன்னால் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். "சரி, வேறு எப்போது கேட்டால் வசதி?" என்பதோடு விட்டுவிடுங்கள். சரி என்று சொன்னால் முந்தின நாள் ஒரு போன் செய்யுங்கள். செய்தி அனுப்பாதீர்கள், பேசுங்கள். இந்த ஒரு போனுக்காகவே எங்கள் குழுவில் ஒருவரை நிரந்தரமாக வைத்திருக்கிறோம். வேலை முடிந்த மறுநாள் இன்னொரு போன். நன்றி சொல்லிவிட்டு, "எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் அடுத்த முறைக்கான திருத்தம் இருக்கும். தன் வார்த்தையை யாரோ ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்று தெரிந்த மனிதர் மறுபடியும் வருவார். நான் அனுபவத்தில் கண்டது இது.

ஆறாம் படி: பொறுப்புகளை வெளிப்படையாக எழுதிவையுங்கள்

"எங்களுக்குள் தலைவர் யாருமில்லை, எல்லோரும் சமம்" என்று சொல்லும் குழுக்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, கூடவே கவலையும் உண்டு. ஜோ ஃபிரீமன் என்ற பெண்ணியச் செயல்பாட்டாளர் 1970-ல் ஆற்றிய ஓர் உரையில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. எழுதப்படாத அமைப்பு ஒன்று எப்போதும் இருக்கும். யார் யாருக்கு நெருக்கம் என்பதை வைத்து முடிவுகள் நடக்கும். புதிதாக வந்தவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது.

அதனால் பொறுப்புகளுக்குப் பெயர் வையுங்கள், காலவரையும் வையுங்கள். ஒருங்கிணைப்பாளர், கூட்டக் குறிப்பு எழுதுபவர், கணக்கு வைப்பவர், புதியவர்களை வரவேற்பவர், இந்த நான்கு போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையவர் புதியவரோடு ஒரு மாதம் சேர்ந்து வேலை பார்த்துக் கைமாற்ற வேண்டும். இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் செய்யும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் சோர்ந்து ஒதுங்கும் நாளில் குழுவும் படுத்துவிடும். அவர்மேல் அன்பிருந்தால் அவரிடமிருந்து வேலையைப் பிடுங்குங்கள்.

குழு வளரும்போது ஒரே குழுவாகப் பெருக்கவிடாதீர்கள். கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பில் அடித்தளம் 10 முதல் 20 குடும்பங்கள் கொண்ட அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கக் குழு. அவை வார்டு அளவில் ஒன்றாகச் சேர்கின்றன, வார்டுகள் உள்ளாட்சி அளவில் சேர்கின்றன. ஒவ்வோர் அயல்கூட்டத்திலும் ஐந்து பேருக்குத் தனித்தனிப் பொறுப்பு. இன்று லட்சக்கணக்கான பெண்கள் அதில் இருந்தாலும், ஓர் உறுப்பினர் உட்கார்ந்து பேசுவது தனக்கு முகம் தெரிந்த அந்தச் சிறு வட்டத்தில்தான்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். முடிந்தவரை பணம் இல்லாமல் தொடங்குங்கள். வசூலிக்க வேண்டி வந்தால் முதல் நாளிலிருந்து ரசீது கொடுங்கள், சொந்தக்காரரிடம் வாங்கினாலும் கொடுங்கள். கணக்கு வைப்பவரும் செலவுக்கு ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. மாதா மாதம் வரவு செலவை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். யாரும் கேட்காதபோதே காட்டிவிடுங்கள். சந்தேகம் வந்தபின் காட்டும் கணக்கை யாரும் நம்புவதில்லை. அப்படி உடைந்துபோன ஒரு குழுவை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காணாமல் போனதாகச் சொல்லப்பட்டது மிகச் சிறிய தொகை. அது உண்மையில் காணாமலே போகவில்லை, எழுதிவைக்காமல் விட்டிருந்தார்கள். அந்தக் கணக்காளர் இன்றுவரை எந்தப் பொது வேலைக்கும் வருவதில்லை.

ஏழாம் படி: அலுவலகத்துக்குப் போகும்போது

நோட்டின் வலது பக்கத்தில் இருப்பவற்றுக்கு அரசு அலுவலகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கும்பலாகப் போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். மூன்று பேர் போனால் சரியாக இருக்கும்: ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் அந்தப் பிரச்சினையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. பத்துக் கோரிக்கை போட்டால் பத்தில் எளிதானதைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். தேதி, இடம், படம், அளவு இவையெல்லாம் இணைப்பில் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு அல்லது பதிவு எண் வாங்காமல் நகராதீர்கள். கிளம்பும் முன், "இதைப் பற்றி விசாரிக்க நாங்கள் எந்தத் தேதியில் வரலாம்?" என்று கேட்டு, அவர் சொன்ன தேதியை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.

தையல் வேலை பார்த்த அந்த அம்மாவை நாங்கள் கூட்டிப் போயிருந்தோம். அதிகாரி நாட்காட்டியை ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார். நடுவில் நிமிர்ந்து, "இவ்வளவு நாளும் நீங்களே போய் நின்னீங்களாம்மா?" என்று கேட்டார். அதற்கு மேல் நாங்கள் விளக்கிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. வேலை செய்ய நினைக்கும் அதிகாரிகளும் உள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலிடத்தில் காட்ட ஒரு தாள் வேண்டும், அதைக் கொடுப்பது நம் வேலை. வேலை நடந்தால் எழுத்தில் நன்றிக் கடிதம் கொடுங்கள். குறை சொல்லும் கடிதங்களே வந்து குவியும் மேசைக்கு அது அபூர்வம்.

ஒரு எச்சரிக்கை. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது மட்டும்தான் நடக்கும். நடுப்படிகளில் கருத்துக் கேட்பார்கள், முடிவு அதிகாரிகள் கையில்தான். மேல்படிகளில்தான் முடிவெடுப்பதில் மக்களுக்குப் பங்கு. உங்களை ஒரு கமிட்டியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால், அது ஏணியில் எந்தப் படி என்று முதலில் பாருங்கள். நடுப்படியாக இருந்தாலும் சேரலாம். மேல்படி என்று நினைத்துக்கொண்டு சேரக்கூடாது, அவ்வளவுதான்.

சண்டை வரும்

வராவிட்டால்தான் ஏதோ சரியில்லை என்று அர்த்தம், யாரோ வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். பொதுச் சொத்தை மக்களே சேர்ந்து நிர்வகிக்கும் முறைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் எட்டுப் பொதுத் தன்மைகளை அவர் கண்டார். அவற்றில் இரண்டு சண்டை நேரத்துக்கு உதவும். விதியை மீறியவருக்கு முதல் தடவை லேசான கண்டிப்பு, திரும்பச் செய்தால் கொஞ்சம் கூடுதல் என்று படிப்படியாகப் போக வேண்டும். தகராறைத் தீர்க்க அருகிலேயே, செலவில்லாமல், சீக்கிரம் ஓர் இடம் இருக்க வேண்டும். நாங்கள் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் இரண்டு மூத்தவர்களை முன்கூட்டியே பெயர் குறித்து வைத்திருக்கிறோம். ஒரு வாரத்துக்குள் அவர்கள் நேரில் உட்காரவைத்துப் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் சண்டை தொடங்கினால் யாராவது ஒருவர் "நேரில் பேசுவோம்" என்று போட்டதும் எல்லோரும் எழுதுவதை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் விதி. பல நட்புகளை அது காப்பாற்றியிருக்கிறது.

வாட்ஸ்அப் பற்றி இன்னும் ஒரு வரி: அறிவிப்புக்கு ஒரு குழு, பேச்சுக்கு வேறொரு குழு. அறிவிப்புக் குழுவில் பொறுப்பாளர்கள் மட்டும் எழுதட்டும். போன் இல்லாதவர்களுக்கு வாசலில் ஒட்டிய தாள்.

அடுத்த பகுதியோடு கை கோப்பது

உங்கள் குழு ஓர் ஆண்டு நின்றுவிட்டால் பக்கத்துப் பகுதியிலிருந்து கேட்டு வருவார்கள். அவர்களை உங்கள் குழுவின் கிளையாக்கப் பார்க்காதீர்கள். அவர்களும் முதல் படியிலிருந்தே, அவர்களுடைய 20 பேரிடம் காது கொடுத்துத் தொடங்கட்டும். இரண்டு குழுக்களுக்கும் நடுவில் தேவைப்படுவது மாதம் ஒருமுறை சந்திக்கும் இரண்டு மூன்று ஆட்களும், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் ஒரு பட்டியலும்தான்: யாரிடம் என்ன கருவி, எந்த அலுவலகத்தில் எந்த வேலைக்கு எந்த மேசை, எந்த முயற்சி ஏன் தோற்றது.

இப்படிக் கட்டிய தொடர்புகளின் பலன் சாதாரண நாளில் அதிகம் வெளியே தெரியாது. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 1-ஆம் தேதி, வியாழக்கிழமை, ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததற்காகப் பேருந்தில் கைது செய்யப்பட்டார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை, ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்று கேட்கும் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களைக் கல்லூரி நகல் இயந்திரத்தில் அச்சிட்டார். மறுநாளே அவை நகரத்துக் கறுப்பின மக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின. புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. வேலைக்குப் போகிறவர்களைக் கூட்டிச்செல்ல மக்களே சுமார் 300 கார்களைத் திரட்டி ஓட்டினார்கள். ஒரே இரவில் அது எப்படி முடிந்தது? ராபின்சன் தலைமை வகித்த பெண்கள் அரசியல் மன்றம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உருவானது. பேருந்துக் கொடுமை பற்றி 1954-லேயே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். எந்தத் தெருவுக்கு யார் பிரசுரம் கொண்டுபோவது என்பதையும் மாதங்களுக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

உங்கள் பகுதியிலும் வெள்ளமோ தீவிபத்தோ நோயோ ஒரு நாள் வரலாம். அன்றைக்குத் தேவைப்படுவதை இன்றே ஒரு தாளில் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயர், அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொரு பெயர். படிக்கட்டு இறங்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், மருத்துவம் தெரிந்தவர் யார், சாவி யாரிடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துச் சரிபாருங்கள். எங்கள் தாளில் மூன்றாம் வரிசைக்கு நேரே அந்தத் தையல் அம்மாவின் பெயர் இருக்கிறது. போன வாரம் சரிபார்க்கப் போனபோது, தன் பெயருக்குக் கீழே மகளின் பெயரையும் எழுதச் சொன்னார்.